முதலில் வேலை... பிறகு நாற்காலி! கிராமத்தில் கால் சென்டர் தொடங்கலாமா?

“மூன்று ஏக்கர் நெல், இரண்டு கறவை மாடு. மகள் பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். ஊரில் கால் சென்டர் வைத்துக்கொடுக்கிறோம் என்று ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். மூன்றரை லட்சம் டெபாசிட் கட்டினால், 10 சீட்டுக்கு வேலை கொடுத்து மாதம் ஒன்றேகால் லட்சம் தருவார்களாம். 11 மாத ஒப்பந்தம். நகையை அடகு வைக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா, தவறா? உடனே பதில் சொல்லுங்கள்.”

டெல்டா மாவட்ட வாசகர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதம் இது. இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பலர் கேட்டிருக்கிறார்கள். சிலர் பணத்தைக் கட்டிவிட்டு, அதன்பிறகு கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதாமல், எல்லோருக்கும் பயன்படும்படி இந்தக் கட்டுரை.

கிராமத்தில் கால் சென்டர் நடத்த முடியுமா? முடியும். ஆனால் பால் வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் பத்து மாடு வாங்கிக் கட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் வேலை கையில் இல்லாமல் பத்து சீட் போடுகிறவருக்கும் ஆகும்.

கால் சென்டர் என்றால் என்ன?

நம்மில் பலர் கால் சென்டரில் பேசியவர்கள்தான். 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டு, நெல்லுக்கு இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்ன செய்வது என்று கேட்டிருப்பீர்கள். அது மத்திய அரசின் கிசான் கால் சென்டர். 2004 ஜனவரி 21-ல் தொடங்கியது. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, வேளாண்மை படித்தவர்கள் நம் மொழியிலேயே பதில் சொல்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் செய்வது நான்கு வேலை: கேட்பது, புரிந்துகொள்வது, பதில் சொல்வது, அதைக் கணினியில் பதிவது. எந்தக் கால் சென்டரிலும் வேலை இதுதான்.

இதில் இரண்டு வகை உண்டு. வாடிக்கையாளர் கூப்பிட, நாம் எடுத்துப் பேசுவது ஒன்று. நாம் கூப்பிட்டுப் பேசுவது இன்னொன்று. ‘உங்கள் மோட்டாருக்கு சர்வீஸ் நாள் வந்துவிட்டது’ என்று நினைவூட்டுவதும், ‘எங்கள் பொருளை வாங்குங்கள்’ என்று விற்பதும் இரண்டாவது வகை. விற்பனை அழைப்புக்குச் சட்டக் கட்டுப்பாடு அதிகம். புதிதாகத் தொடங்குபவர் அதில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

முன்னால் போனவர்கள்

கிராமத்தில் இப்படி ஒரு தொழில் புதிதல்ல. சென்னை ஐ.ஐ.டி-யின் ஆதரவில், சலோனி மல்ஹோத்ரா 2007-ல் ‘தேசிக்ரூ’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களில் மையம் வைத்து, அந்தப் பகுதி இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ‘ரூரல்ஷோர்ஸ்’ வந்தது. அதன் முதல் மையம் கர்நாடக மாநிலம் பாகேபள்ளியில். தமிழ்நாடு அரசு 2010-ல் கிராமப்புற பி.பி.ஓ-க்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

இவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்த மையங்களுக்குப் பெரும் பலமாக இருந்தது போன் பேச்சு மட்டுமல்ல. காகிதப் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது, பதிவேடுகளைச் சரிபார்ப்பது போன்ற எழுத்து வேலையும்தான். எழுத்து வேலையில் நெட் பத்து நிமிடம் நின்றாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாது. போன் பேச்சில் பத்து நொடி நின்றாலே தெரிந்துவிடும். அதனால் இரண்டு வேலையையும் கலந்து செய்வதுதான் சின்ன மையத்துக்குப் பாதுகாப்பு.

நமக்கு இருக்கும் பலம்

‘மடி கல்லு மாதிரி இருக்கு’, ‘நாத்து பழுத்துப்போச்சு’, ‘ரெண்டு மா நிலம்’ என்று ஒருவர் போனில் சொன்னால், வெளி மாநிலத்தில் உட்கார்ந்து எழுதிவைத்த தமிழைப் படிப்பவருக்குப் புரியாது. நம் வீட்டுப் பெண்ணுக்குக் கேட்டவுடன் புரியும். இதற்கு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பு யாருக்குத் தேவையோ, அவர்தான் நமக்கு வாடிக்கையாளர்.

பக்கத்திலேயே தேடுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு நூற்றுக்கணக்கில் உறுப்பினர்கள் இருப்பார்கள். விதை வந்துவிட்டது, கொள்முதல் நாள் இது என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல ஆள் இருக்காது. டிராக்டர், அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுபவர் வயலில் நிற்பார். போனை எடுக்க முடியாது. சொட்டுநீர், சோலார் பம்ப் விற்பவருக்குப் புகார் எடுக்க ஆள் வேண்டும். தாலுகா ஊரில் இருக்கும் மருத்துவமனைக்கு டோக்கன் போடவும், மறுபரிசோதனை நாளை நினைவூட்டவும் வேண்டும். இவர்களில் ஒருவர் ‘சரி, மாதம் இவ்வளவு தருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் முதல் நாற்காலியை வாங்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு மாதம் இரண்டு பேர், இரண்டு ஹெட்செட்டோடு வீட்டுத் திண்ணை அறையிலேயே செய்து பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு வருகிறது, எந்த நேரத்தில் குவிகிறது, ஓர் அழைப்புக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் திட்ட அறிக்கை.

5 சீட்... ஒரு கணக்கு

கீழே இருப்பது புரிந்துகொள்வதற்கான மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடக்கச் செலவு
லேப்டாப் 5 (பழையதைச் சரிசெய்தது) - 1,25,000 ரூபாய்
ஹெட்செட் 5 - 10,000
மேசை, நாற்காலி - 30,000
இன்வெர்ட்டர், பேட்டரி - 30,000
இரண்டு நெட் இணைப்பு, வயரிங் - 15,000
அறைத் தடுப்பு, மின்விசிறி - 20,000
முன்பணம், இதர செலவு - 20,000
மொத்தம் - 2,50,000 ரூபாய்

மாதச் செலவு
பேசுபவர் 5 பேர் (ஒருவருக்கு 12,500) - 62,500 ரூபாய்
மேற்பார்வையாளர் ஒருவர் - 16,500
வாடகை, மின்கட்டணம் - 8,000
நெட் - 2,500
அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள், எண் வாடகை - 6,500
இதர செலவு - 4,000
மொத்தம் - 1,00,000 ரூபாய்

ஆக, ஒரு சீட்டுக்கு மாதம் 20,000 ரூபாய். 25 வேலை நாள் என்றால் நாளுக்கு 800 ரூபாய். ஒருவர் நாளுக்கு 60 அழைப்பு பேசினால், ஓர் அழைப்புக்கு நம் அடக்கவிலை 13 ரூபாய்க்கு மேல். 30 அழைப்புதான் வந்தது என்றால் 26 ரூபாயைத் தாண்டிவிடும். சம்பளம் மட்டும் குறையாது.

இப்போது புரியும். ‘ஓர் அழைப்புக்கு 10 ரூபாய் தருகிறோம்’ என்று ஒருவர் சொன்னால், வேலை வந்தாலும் நஷ்டம், வராவிட்டாலும் நஷ்டம். அதனால் அழைப்புக் கணக்கில் ஒத்துக்கொள்ளாமல், சீட் கணக்கில் பேசுங்கள். ‘இத்தனை ஆள், இத்தனை மணி நேரம், மாதம் இவ்வளவு’ என்று இருக்க வேண்டும். அழைப்புக் கணக்குதான் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், ‘குறைந்தபட்சம் இத்தனை அழைப்புக்குக் காசு உறுதி’ என்றாவது எழுதி வாங்குங்கள்.

பலரைக் கவிழ்ப்பது கருவிகளுக்கான செலவு அல்ல, காத்திருக்கும் காலம். முதல் மாதம் முடிந்து பில் போடுவோம். அதற்குப் பணம் வர 45 நாள். ஆக, வேலை தொடங்கி 75 நாள் கழித்துத்தான் முதல் ரூபாய் கைக்கு வரும். அதுவரை இரண்டரை மாதச் செலவு 2,50,000. பயிற்சிக்கான அரை மாதம் 50,000. சேர்த்தால் 3,00,000. கருவிகளுக்குப் போட்டதைவிட இது அதிகம்! ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிவிட்டு நிலுவைக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இந்த மூன்று லட்சம் தனியாக இல்லாமல் 5 சீட் போடாதீர்கள். இரண்டு சீட்டில் தொடங்குங்கள்.

தொழிலை ‘உத்யம்’ தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்குச் சேரவேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வட்டியோடு கேட்க உரிமை உண்டு.

கரன்ட், நெட், காது

‘எங்கள் ஊரில் நெட் வேகம் இல்லை’ என்று பலர் தயங்குகிறார்கள். ஒரு போன் பேச்சுக்கு நொடிக்குச் சுமார் 100 கிலோபிட் போதும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்.பி.பி.எஸ்-க்குள் அடங்கிவிடும். சினிமா பார்க்கத் தேவைப்படும் வேகம்கூட இதற்கு வேண்டாம். இணைப்பு அறுபடாமல் இருப்பதுதான் முக்கியம். பேச்சு மறுமுனைக்குப் போய்ச்சேர 150 மில்லி நொடிக்கு மேல் ஆனால், இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். எனவே ஒரு ஃபைபர், ஒரு சிம் ரவுட்டர் என இரண்டு வழி வேண்டும். இரண்டும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்கக்கூடாது.

மின்சாரத்துக்கு டெஸ்க்டாப்பைவிட லேப்டாப் நல்லது. 5 லேப்டாப், ரவுட்டர், விளக்கு, மின்விசிறி சேர்த்து 400 வாட் என்று வைத்தால், 150 ஏ.எச் பேட்டரி ஒன்று இரண்டரை மணி நேரம் தாங்கும். சாதாரண மின்வெட்டுக்கு இது போதும். ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் வரும். அந்த நாளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, வாடகை ஜெனரேட்டருக்கோ, வாடிக்கையாளரிடம் நேர மாற்றத்துக்கோ ஏற்பாடு செய்யுங்கள். மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு வார்த்தை பேச முடியாது. ஓட்டு வீடோ, தளம் போட்ட அறையோ பாருங்கள்.

பேசுகிறவரின் உடம்பையும் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் தொடர்ந்து யாராலும் பேச முடியாது. சாப்பாடு, இடைவேளை, குறிப்பு எழுதும் நேரம் போக ஐந்து மணி நேரப் பேச்சே அதிகம். ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் ஹெட்செட்டைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். திட்டுகிறவர், அசிங்கமாகப் பேசுகிறவர் வருவார்கள். ‘ஒருமுறை எச்சரித்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கலாம்’ என்ற உரிமையைப் பேசும் பெண்ணுக்குக் கொடுங்கள். சொந்த எண்ணையும் உண்மைப் பெயரையும் யாருக்கும் சொல்லக்கூடாது. மாலை 6 மணிக்கு வீட்டுக்குப் போய்ச்சேர முடியும் என்பதுதான் நம் ஊர்ப் பெண்கள் இந்த வேலைக்கு வர முக்கியக் காரணம். இரவு ஷிஃப்ட்டுக்கு ஆசைப்பட்டு அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உஷார்... உஷார்!

இந்தத் தொழிலில் ஏமாற்றுபவர்கள் அதிகம். ஐந்து விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று: வேலை கொடுப்பவர் நமக்குத்தான் பணம் தர வேண்டும். ‘டெபாசிட்’, ‘பதிவுக் கட்டணம்’, ‘மென்பொருள் கட்டணம்’ என்று அவர் நம்மிடம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டு: ‘ஓ.எஸ்.பி லைசென்ஸ் வாங்கித் தருகிறேன், இத்தனை ஆயிரம் ஆகும்’ என்பார்கள். அந்தப் பதிவு முறையை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பரிலேயே நீக்கிவிட்டது. 2021 ஜூனில் விதிகளை இன்னும் எளிமையாக்கியது.

மூன்று: ‘ஒரு சீட்டுக்கு ஒரு லட்சம் மானியம்’ என்பார்கள். அப்படி ஒரு மத்திய அரசுத் திட்டம் இருந்தது உண்மை. அதன் காலம் 2019 மார்ச் 31 வரைதான். பழைய அரசாணையைக் காட்டிப் பணம் கேட்டால் ஏமாறாதீர்கள்.

நான்கு: ‘உங்கள் வீட்டில் ஒரு பெட்டி வைக்கிறோம், கரன்டும் நெட்டும் கொடுத்தால் போதும், மாத வாடகை தருகிறோம்’ என்று வருவார்கள். பல சிம் கார்டுகள் செருகிய அந்தப் பெட்டிக்குப் பெயர் சிம் பாக்ஸ். வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றுகிற கள்ள எக்ஸ்சேஞ்ச் அது. 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம். போலீஸ் முதலில் வந்து நிற்பது வீட்டுக்காரர் வாசலில்தான். அதேபோல், ஒருவர் பெயரில் 9 சிம் கார்டுக்கு மேல் இருக்கக்கூடாது. உங்கள் பெயரில் சிம் வாங்கிக் கொடுப்பதும், கமிஷனுக்காக வங்கிக் கணக்கைக் கொடுப்பதும் சொந்தக் கையால் விலங்கு மாட்டிக்கொள்வது.

ஐந்து: ‘வெளிநாட்டில் கால் சென்டர் வேலை’ என்று தாய்லாந்துக்கு அழைத்துப்போய், அங்கிருந்து மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லி அடித்த கொடுமையில் தமிழ்நாட்டு இளைஞர்களும் சிக்கினார்கள். 2022-ல் அவர்களை மீட்டுக்கொண்டுவந்த செய்தியை நாம் படித்திருக்கிறோம். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்பாதீர்கள்.

வாசகர் கேள்விகள்

“சாதாரண செல்போனிலிருந்தே எல்லோருக்கும் போன் போட்டு வியாபாரம் பேசலாமா?”

கூடாது. விளம்பர, விற்பனை அழைப்புகளுக்கு டிராய் விதிப்படி பதிவு செய்து, அதற்கென உள்ள 140 வரிசை எண்ணிலிருந்துதான் பேச வேண்டும். சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து பேசினால், பத்து நாளில் 5 புகார் வந்தாலே நடவடிக்கை பாயும். முதல்முறை உங்கள் எண்ணிலிருந்து வெளியே போகும் அழைப்புகளை 15 நாள் நிறுத்திவைப்பார்கள். அடுத்தமுறை ஓராண்டுக்கு எல்லா இணைப்பும் போய்விடும். நம்மைத் தேடி வரும் அழைப்புகளை எடுத்துப் பேசுவதுதான் புதியவர்களுக்கு ஏற்றது.

“கடன், மானியம் கிடைக்குமா?”

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பீடு போடலாம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவிகிதம் மானியம், சொந்தப் பணம் 10 சதவிகிதம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டவர்களுக்கு 35 சதவிகிதம் மானியம், சொந்தப் பணம் 5 சதவிகிதம். மானியம் கையில் கிடைக்காது. மூன்று ஆண்டு வங்கியில் இருந்து, பிறகு கடனில் கழியும். இடைத்தரகர் தேவையில்லை. திட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

“பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஜி.எஸ்.டி எல்லாம் உடனே வருமா?”

பொதுவாக 10 பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ., 20 பேர் என்றால் பி.எஃப். சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி பதிவு. அதற்குக் குறைவாக இருந்தாலும், குறைந்தபட்ச ஊதிய விதி முதல் ஆளுக்கே பொருந்தும். இப்போதைய தொகையைத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

“ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம். இனி என்ன செய்வது?”

ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை இடையிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். ‘மானம் போய்விடும்’ என்று மூடிவைத்தால், அடுத்த ஊரிலும் அதே ஆள் கடை விரிப்பார்.

கடிதம் எழுதியவர் என்ன செய்தார்?

அந்த டெல்டா வாசகரிடம் நாம் மூன்று கேள்விகளைக் கொடுத்து, அந்த நிறுவனத்திடம் கேட்கச் சொன்னோம். ‘யாருடைய அழைப்பை நாங்கள் பேசப்போகிறோம்? அந்த நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டுங்கள்.’ ‘டெபாசிட் இல்லாமல் இரண்டு பேரை வைத்து ஒரு மாதம் செய்துகாட்டுகிறோம். சம்மதமா?’ ‘நீங்கள் வேலை கொடுக்காத மாதம் எங்கள் பணத்துக்கு யார் பொறுப்பு?’

முதல் கேள்விக்கு ‘அது கம்பெனி ரகசியம்’ என்றார்களாம். இரண்டாவது கேள்விக்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. மூன்றாவதைக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

போன வாரம் பேசினார். “மகளும் பக்கத்துத் தெருப் பெண்ணும் சேர்ந்து, எங்கள் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு உறுப்பினர் அழைப்பைப் பார்க்கிறார்கள், சார். ரெண்டு ஹெட்செட்டுதான் வாங்கினோம். வருமானம் பெருசா இல்ல. ஆனா மாசாமாசம் வருது. அறுவடை மிஷின்காரர் ஒருத்தரும் கேட்டிருக்கார்” என்றார்.

“நகை?” என்று கேட்டோம்.

“பீரோவுலதான் இருக்கு” என்று சிரித்தார்.